முதல் காட்சிக்கு ஒரு பிணம்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் மிளகும் சுக்கும் மொத்தமாக விற்கும் கடை ஒன்றின் மாடியில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷத்தில், நாலு காலேஜ் மாணவர்கள் ஒரு மர்மப் படம் எடுப்பதென்று தீர்மானித்தார்கள். கடை அழகியநம்பியின் அப்பாவுடையது. சினிமாக் காமிராவும் அவனுடையதுதான். சித்தப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. சாவி கொடுத்தால் கடிகாரம் மாதிரி ஓடும். பேச்சும் பாட்டும் அதில் பதியாது. எடுத்த சுருளைப் பம்பாய்க்கு அனுப்பித்தான் கழுவி வாங்க வேண்டும். கைவசம் இருந்ததோ ஒரே சுருள். இன்னொன்று வேண்டுமென்றால் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கதையும் டைரக்‌ஷனும் கல்யாணராமன். கோட்டைக்குள் அக்ரகாரத்துப் பையன். அப்பா ஹஜூர் கச்சேரியில் பெரிய உத்தியோகம். வகுப்பில் யாராவது வாத்தியாரிடம் திட்டு வாங்கினால் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கல்யாணராமன் மட்டும் திட்டு வாங்குகிறவனின் முகத்தையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான்.

மற்ற இருவர் ராஜையனும் சுவாமிதாசும். தெற்கே கருங்கல் பக்கத்து வேதக்காரப் பையன்கள். பாளையத்தில் ஒரே அறையில் தங்கிப் படித்தார்கள். சுவாமிதாசின் அம்மா ராஜையனுக்கு அத்தை. ராஜையனின் தங்கை எலிசாள் பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். தாயில்லாத வீடு அது. அவள் சம்பளத்தில்தான் ராஜையன் படித்தான். சுவாமிதாசின் பரீட்சை முடிந்ததும் எலிசாளை அவனுக்குக் கட்டிவைப்பதென்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள்.

படத்தின் முதல் காட்சியைப் பற்றித்தான் வாரக்கணக்கில் பேச்சு நடந்தது.

"பாக்க வர்றவன் நாற்காலியிலே சாயறதுக்குள்ளே அவன் கழுத்தைப் பிடிச்சுடணும்," என்றான் கல்யாணராமன். "விழிஞ்ஞத்துக் கடற்கரைப் பாறை. மேலே ஒருத்தன் நிக்கறான். கீழே எதையோ பாக்கறான். என்னத்தைப் பாத்தான்னு நாம காட்டப்போறதில்லை. அவன் முகம் மட்டும்தான். மனசிலாச்சோ?"

அந்த ஒருவனாக நடிக்க ராஜையனைத் தேர்ந்தெடுத்தார்கள். கிறிஸ்மஸ் நாடகங்களில் ஏரோது ராஜாவாக வேஷம் போட்டுப் பேர் வாங்கியவன். அகலமான கண்கள், எலும்பு எடுப்பான முகம். ஆனால் மொட்டைமாடியில் ஒத்திகை பார்த்தபோது அவன் நெஞ்சில் கையை வைத்து, விழியை உருட்டி, இரண்டடி பின்னால் போய்த் தள்ளாடினான்.

"இதென்னடா, வாயுப்பிடிப்பா?" என்றான் கல்யாணராமன்.

எல்லோரும் சிரித்தார்கள். சுவாமிதாசும் சிரித்தான். ராஜையனே சிரித்துவிட்டு, "இன்னொருக்கா பாப்போம்," என்றான். மறுபடியும் அதே நெஞ்சு, அதே உருட்டல். மாலைவரை அப்படியே போயிற்று. கடைசியில் கல்யாணராமன் கீழே இறங்கிப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து அவன் அழகியநம்பியையும் சுவாமிதாசையும் மட்டும் மாடிக்கு வரச் சொன்னான். ராஜையனிடம் காமிராவில் ஏதோ கோளாறு, படம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லியாயிற்று என்றான்.

"அவனுக்கு நடிக்கத் தெரியாது. ஆனா முகம் இருக்கு. அந்த முகத்திலே நிஜமா ஒண்ணு வந்து விழணும். விழறச்சே நம்ம காமிரா ஓடிண்டிருக்கணும். அவ்வளவுதான்."

"நிஜமான்னா எப்படிவே?" என்று கேட்டான் அழகியநம்பி.

கல்யாணராமன் சுவாமிதாசின் பக்கம் திரும்பி, அவன் தோளில் கையைப் போட்டான். காலேஜில் மூன்று வருஷமாக யாரும் சுவாமிதாசிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அக்ரகாரத்துப் பையன் ஒருவன் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருப்பதை யாராவது பார்க்க மாட்டார்களா என்றுகூட அவனுக்குத் தோன்றும்.

"நீ சொல்லு. ராஜையனுக்கு யார் மேலே உசிர்?"

"இதென்ன கேள்வி, எலிசா மேலதான்," என்றான் சுவாமிதாஸ் சிரித்துக்கொண்டே. "சனியாச்சை நர்சுமாரெல்லாம் கூட்டமா கடற்கரைக்குப் போறாவளாம். அதுக்கே ஞாயிறு சர்ச்சுல வச்சு அவளை ஒரு வெரட்டு வெரட்டிட்டான், தண்ணில கால வைக்கப்பிடாதுன்னு."

"எந்தக் கடற்கரை?"

"சங்குமுகம்."

"அது ராஜையனுக்குத் தெரியுமோ?"

"அவன்ட்ட கடற்கரைன்னு மட்டும்தான் சொன்னா. அவன் பெறவு வெளிய போய்ட்டான். சங்குமுகம்னு எங்கிட்டதான் சொன்னா."

கீழே கடையில் மிளகு சலிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கல்யாணராமன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு படர்ந்தது.

"அப்போ விழிஞ்ஞம்னு சொன்னா நம்புவான்."

அவன் என்ன நினைக்கிறான் என்பது சுவாமிதாசுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்துவிட்டான். "வேண்டாம் கல்யாணராமா. அவன் தாங்க மாட்டான்."

"தாங்கப்படாது. தாங்கினா அப்புறம் படம் எதுக்கு? உக்காரு. அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம் அழப்போறான், அப்புறம் ஜன்மம் பூரா சிரிக்கப்போறான். செத்துப்போனான்னு நினைச்ச தங்கை உசிரோட இருக்கான்னா அது எவ்வளவு பெரிய சந்தோஷம்! அதையும் நாமதானே அவனுக்குக் கொடுக்கறோம்?"

அழகியநம்பி நகத்தைக் கடித்தான். ஆனால் காமிராவை எங்கே வைப்பது என்று அவன்தான் முதலில் கேட்டான். அதற்குப் பிறகு பேச்சு வேகமாக ஓடியது. கரையில் வலை வைக்கிற ஓலைக்குடில் ஒன்று இருக்கிறது, அதன் தட்டியில் ஒரு துவாரம் போட்டால் உள்ளிருந்து எடுக்கலாம். வெயில் எந்தப் பக்கம் விழும், பிணத்தை எப்படிக் கிடத்தினால் அவன் குடிலைப் பார்த்தபடி நிற்பான், அவனை யார் அழைத்துவருவது, வழியில் என்ன சொல்லுவது, எதைச் சொல்லாமல் விடுவது எல்லாம் பேசினார்கள். மீன்காரர்கள் நாலு பேரைச் சுற்றி நிற்க வைக்கவேண்டும். பாயை அவனே விலக்க வேண்டும், விலக்குகிற அந்த நொடியில் முகம் நிமிர்ந்திருக்க வேண்டும்.

"எலிசா வெளியே போனா எந்தச் சேலை உடுப்பா?" என்று கேட்டான் கல்யாணராமன்.

சுவாமிதாஸ் தயங்கினான். போன கிறிஸ்மஸுக்குச் சாலைக் கடைத்தெருவில் அவன் வாங்கிக்கொடுத்த கிளிப்பச்சைச் சேலை ஒன்று இருந்தது. வெளியே எங்கே போனாலும் அதைத்தான் உடுப்பாள். சொன்னான்.

"அதே கடையிலே அதே சேலை இன்னொண்ணு வாங்கிண்டு வா."

"படத்துல பச்சை எப்படித் தெரியும்? எல்லாம் கறுப்பாட்டுதான் விழும்," என்றான் அழகியநம்பி.

"சேலை காமிராவுக்கில்லைடா. அவன் கண்ணுக்கு."

பிணமாக யார் படுப்பது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மூவரில் சுவாமிதாஸ்தான் சின்ன உருவம். "நீதான் அஸிஸ்டென்ட் டைரக்டர். பேரு ஸ்கிரீன்லே தனியா வரும்," என்றான் கல்யாணராமன். சுவாமிதாஸ் மறுநாள் போய்ச் சேலையை வாங்கினான். கடைக்காரர் அவனை அடையாளம் கண்டுகொண்டு, "அவள்க்கு இஷ்டப்பெட்டு போலே," என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். அவனும் சிரித்துவைத்தான்.

சனிக்கிழமை காலையில் விழிஞ்ஞத்தில் நல்ல வெயில். அழகியநம்பி குடிலுக்குள் காமிராவை ஒரு மீன்கூடையின் மேல் நிறுத்தி, துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டான். சுவாமிதாஸ் சட்டைக்கு மேல் கிளிப்பச்சைச் சேலையைச் சுற்றிக்கொண்டு கடலில் இறங்கி நனைந்துவந்து மணலில் படுத்தான். தலையில் ஒரு நீளமான சவுரிமுடியைச் செருகி, அதையும் கடல் தண்ணீரில் நனைத்து, பாய்க்கு வெளியே தெரியும்படி மணலில் பரப்பினார்கள். உடம்பு முழுவதையும் ஒரு பழைய ஓலைப்பாய் மூடியிருந்தது. சேலைத் தலைப்பும் முடியும் மட்டும் வெளியே.

புகையிலைக்கு ஆசைப்பட்டு நிற்க ஒத்துக்கொண்ட மீன்காரர்களில் ஒருவர், எதற்காக இதெல்லாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், "இது வேண்டாத்த பணியாணு மக்களே," என்று சொல்லிவிட்டு வள்ளத்தின் பக்கம் போய்விட்டார். மற்றவர்கள் நின்றார்கள்.

பாய்க்கு அடியில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. சேலை குளிர்ந்தது. மணல் நண்டு ஒன்று கழுத்தில் ஏறி இறங்கியது. சுவாமிதாஸ் அசையாமல் கிடந்தான். கல்யாணராமன் சொல்லிவிட்டுப் போயிருந்தான்: நான் எழுந்திருன்னு சொல்ற வரைக்கும் நீ பிணம், பிணம்தான்.

மேலே பாதையில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு அடிபட்டது. யாரோ மணலில் ஓடி, பிறகு ஓட்டம் நடையாகி, நடையும் நின்றது.

கல்யாணராமன் ராஜையனை அறையிலிருந்து அழைத்துக்கொண்டு கிளம்பியபோது ஒன்றுமே சொல்லவில்லை. கரமனை தாண்டிய பிறகுதான் நர்ஸ்கள் விழிஞ்ஞத்துக்குப் போயிருந்தார்கள் என்று சொன்னான். கோவளத்தை நெருங்கும்போது, ஒரு பெண்ணை அலை இழுத்துவிட்டது என்றான். எந்தப் பெண் என்று கேட்டதற்கு வெளியே பார்த்துக்கொண்டான். இதெல்லாம் சுவாமிதாசுக்குப் பின்னால் தெரிந்தது. கல்யாணராமனே சொல்லிச் சிரித்தான்.

"வா, ராஜையா. கிட்டே வா," என்று கல்யாணராமனின் குரல் கேட்டது. "இந்தப் பக்கமா வா. இங்கே நில்லு. அவதானான்னு பாரு."

காலடி இரண்டு நெருங்கி வந்து நின்றது.

"பாயை எடுத்துப் பாரு. மனசைத் திடப்படுத்திக்கோ."

"பாக்கண்டாம்," என்றான் ராஜையன். குரலில் அழுகை இல்லை. கடையில் நின்று சாமான் வேண்டாமென்று சொல்கிற மாதிரி இருந்தது. "எனக்குச் சேலை தெரியும்."

அவன் கல்யாணராமன் காட்டிய இடத்தில் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு வந்து, பாய்க்கும் குடிலுக்கும் நடுவில், காமிராவுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்தான். சுவாமிதாசின் தலைக்குப் பின்னால் அவன் மூச்சு கேட்டது. நனைந்த முடியை அவன் மணலிலிருந்து அள்ளினான். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைப் பிழிந்து துடைக்க ஆரம்பித்தான். சின்ன வயதில் அவளுக்குத் தலை துவட்டிவிட்டது அவன்தான். அந்தக் கைக்கு அது நன்றாகத் தெரிந்த வேலை.

"போட்டும் எலிசா," என்றான் மெதுவாக. "இனி உனக்கு நைட் டூட்டி இல்ல. இனி யாருக்க பீச்சட்டியும் தூக்கண்டாம். நீ தூக்கித் தூக்கி நான் படிச்சேன். படிச்சு என்னத்தக் கிழிச்சேன்?"

பாய்க்கு அடியில் சுவாமிதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ராஜையா, இப்படித் திரும்பு. வெளிச்சத்துக்கு வா," என்றது கல்யாணராமனின் குரல். ஆறுதல் சொல்கிறவன் போலத் தோளைப் பிடித்து அவனைக் குடிலின் பக்கம் திருப்பப் பார்த்தான். மணல் உரசும் சத்தத்திலிருந்து அது தெரிந்தது. ராஜையன் அசைந்து கொடுக்கவில்லை.

"அப்பனுட்ட சொல்லிப்போடலாம்," என்று அவன் முடியைத் துடைத்தபடியே பேசினான். "அழுவாரு, பெறவு ஜெபம் பண்ணுவாரு. சுவாமிதாசுட்ட என்னத்தச் சொல்லுவேன்? பைத்தியம் பிடிச்சிரும்டி அவனுக்கு. நீயில்லாம அவன் ஒரு மனுசனாட்டு நடக்கமாட்டான். அவன நான் எப்பிடிப் பாத்துக்கிடுவேன், சொல்லு."

சுவாமிதாஸ் அப்போது எழுந்திருக்கலாம். பாயைத் தள்ள ஒரு கை போதும். பிறகு எத்தனையோ முறை அந்த இடத்துக்கே போய் யோசித்துப் பார்த்தான், ஏன் எழவில்லை என்று. பயம் என்பதும் சரியில்லை. எழுந்திரு என்று கல்யாணராமன் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ராஜையன் முடியை உச்சிவரை துடைத்துக்கொண்டு வந்தான். கடைசியில் வாரிக் கட்டுகிறவன் மாதிரி மொத்தமாகச் சேர்த்துப் பிடித்து லேசாக இழுத்தான். சவுரி கழன்று அவன் கையோடு போயிற்று.

அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைச் சுவாமிதாஸ் அதற்கு முன்னும் பின்னும் எந்த மனிதனிடமும் கேட்டதில்லை. பாய் பறந்தது. வெயில் கண்ணில் அடித்தது. முடிக்கற்றையைக் கையில் பிடித்தபடி ராஜையன் அவனைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"நீயா?"

சுவாமிதாஸ் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான்.

"ஐயோ, முதுகைக் காட்டிட்டியேடா!" என்று கல்யாணராமன் கத்தினான். "நம்பி, இன்னும் ஃபிலிம் இருக்கோ? நிறுத்தாதே. ராஜையா, அப்படியே திரும்பு. இப்போ திரும்புடா, இந்த முகம் போதும்!"

ராஜையன் அவனைக் கண்டுகொள்ளவேயில்லை. குடிலையும் பார்க்கவில்லை. முடியைக் கீழே வைத்தான், எறியவில்லை. "எலிசா எங்க?" என்று சுவாமிதாசிடம் கேட்டான்.

"சங்குமுகம்."

அவன் ஓடினான். மேலே நின்ற வாடகைக் காரில் ஏறிக்கொண்டு போய்விட்டான். மற்ற மூவரும் காமிராவைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து திரும்ப வேண்டியதாயிற்று. வழியெல்லாம் கல்யாணராமன் ஒரு சுருள் பாழாகிவிட்டதென்று புலம்பிக்கொண்டே வந்தான்.

சங்குமுகத்தில் எலிசாள் தோழிகளோடு மணலில் உட்கார்ந்து வேகவைத்த கடலை தின்றுகொண்டிருந்தாள். கிளிப்பச்சைச் சேலைதான் உடுத்தியிருந்தாள். அண்ணன் ஓடிவருவதைக் கண்டு சிரித்தபடி எழுந்தாள். ராஜையன் வந்த வேகத்தில் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். தங்கையை ஒருநாளும் கைநீட்டி அடித்தவனில்லை. எல்லோரும் பார்க்க இரண்டாவதும் அறைந்தான். பிறகு அவள் காலடியில் உட்கார்ந்து அவள் சேலை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கூட வந்த மூத்த நர்ஸ் அவனைக் குடிகாரன் என்று நினைத்து விரட்டினாள். ஆஸ்பத்திரி முழுக்க அன்று மாலையே பேச்சாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்ததும் எலிசாள் சுவாமிதாசை நிறுத்தினாள். கன்னத்தில் வீக்கம் வடியவில்லை. "அத்தான், அண்ணனுக்கு என்ன? ஏதாவது நடந்துதா?"

"எனக்குத் தெரியாதே," என்றான் சுவாமிதாஸ்.

"உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

அவள் நம்பினாள். அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. ஆனாலும் தாங்கிக்கொண்டான்.

சில நாள் கழித்து ராஜையன் டிரங்குப் பெட்டியை எடுத்துப்போக அறைக்கு வந்தான். மூணாறில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்கு வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. சுவாமிதாஸ் அவன் கையைப் பிடித்து, "என்னை அடிலே. கொல்லு. படிப்ப மட்டும் விடாத," என்று அழுதான்.

ராஜையன் கையை விடுவித்துக்கொண்டு துணிகளை மடித்து வைத்தான். "உன்ன அடிக்கிறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. உன் காரியம் போட்டும். எனக்கு அவளப் பாக்க முடியல. அந்தச் சேலைய உடுத்திட்டு வாறா. நல்லாத்தான் வாறா, சிரிச்சிட்டு வாறா. எனக்குப் பாய்தான் தெரியுது. அவ முடியில ஈரம் இருக்கான்னு பாக்கேன். எப்பிடிலே இங்க இருப்பேன்?"

எலிசாளிடம் சொல்லாமலே போனான்.

படச்சுருள் பம்பாயிலிருந்து திரும்பிவந்தபோது மழை பிடித்துவிட்டது. கடை மாடியில் ஜன்னல்களைச் சாக்கால் மூடி, ஒரு பிற்பகலில் போட்டுக் காட்டினார்கள். காலேஜ் ஆசிரியர்கள் இரண்டுபேர், மாணவர்கள் ஒரு கூட்டம், அழகியநம்பியின் அப்பாவைப் பார்க்க மதராஸிலிருந்து வந்திருந்த ஸ்டூடியோ மானேஜர் ஒருவர். சுருள் பாழ் என்றுதான் கல்யாணராமன் கடைசிவரை நினைத்திருந்தான்.

திரையில் ஒரு முதுகு. அதற்கு அப்பால் கடல். முதுகு குனிந்து குனிந்து நிமிர்ந்தது. மணலில் கிடந்த முடியை ஒரு கை துடைத்தது. பக்கத்தில் நின்ற ஒருவன் அந்தத் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தான், தோள் திரும்பவில்லை. பிறகு முடி கையோடு வந்தது. அந்த முதுகு விறைத்தது. விறைத்த மாதிரியே நின்றது, அதோடு சுருள் தீர்ந்தது. அவ்வளவுதான். முகம் எங்கேயும் இல்லை.

விளக்கைப் போட்டபோது ஆசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டூடியோ மானேஜர் கல்யாணராமனின் கையைப் பற்றிக்கொண்டார். "தம்பி, எங்க ஆள்களா இருந்தா மூஞ்சிக்குக் கிட்டப்போய் அழவிட்டிருப்பாங்க. முதுகைக் காட்டணும்னு உனக்கு எப்படித் தோணிச்சு?"

"ஆரம்பத்திலேருந்தே பிளான் அப்படித்தான் சார்," என்றான் கல்யாணராமன்.

அழகியநம்பி அவனைத் திரும்பிப் பார்த்தான். சுவாமிதாஸ் கடைசி பெஞ்சில் இருந்தான். திரையில் ஓடியபோது மற்றவர்களுக்குக் கேட்காத எல்லாம் அவனுக்குக் கேட்டது.

படம் பேசப்பட்டது. அதை எடுத்த விதம் அதைவிடப் பேசப்பட்டது. கல்யாணராமன் கேட்டவர்களிடமெல்லாம் விஸ்தாரமாகச் சொன்னான். காலேஜிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அந்தக் கதை போய்ச் சேர அதிக நாள் பிடிக்கவில்லை. எலிசாள் ஆள் அனுப்பிச் சுவாமிதாசை வரச் சொன்னாள்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, ஆரஞ்சு விற்கிறவளின் கூடைக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். டூட்டிக்கான வெள்ளைச் சேலையில் இருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"பாய்க்குள்ள கிடந்தது நீங்களா?"

"எலிசா, நான் வேண்டாம்னுதான் சொன்னேன்..."

"நீங்களா?"

"ஆமா."

"அண்ணன் என்ன சொன்னான்?"

அவன் தலையைக் குனிந்தான்.

"படத்துல வாய் அசையறதுகூடத் தெரியலியாமே. கேட்டது நீங்க ஒரு ஆளுதான். நான் செத்துட்டேன்னு நெனச்சு அண்ணன் என்ன சொன்னான்?"

அவன் சொன்னான். பீச்சட்டி என்று சொன்னதைச் சொன்னான். படித்து என்னத்தைக் கிழித்தேன் என்றதைச் சொன்னான். தன்னைப் பற்றி ராஜையன் சொன்னதை விட்டுவிடலாம் என்று நினைத்தான். அவள் பார்வை விடவில்லை. அதையும் சொன்னான்.

எலிசாள் ரோட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் எத்தனையோ பொணத்தக் கழுவி உடுப்பு மாத்தியிருக்கேன், அத்தான். பக்கத்துல நின்னு ஆளுக என்னவெல்லாமோ சொல்லி அழுவாங்க. பொணத்துக்குக் கேக்காது. உங்களுக்குக் கேட்டுது. கேட்டுட்டு கிடந்திருக்கீங்க."

"மன்னிச்சிரு எலிசா. நான் அத்தனை..."

"அப்பாவுக்கும் அத்தைக்கும் நானே எழுதுகேன். உங்க மேல தப்பு ஒண்ணும் எழுத மாட்டேன். எனக்கு இஷ்டமில்லன்னுதான் எழுதுவேன்." முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "அண்ணன் என்னைக் கண்டா பயப்படுதான். உங்களக் கண்டா எனக்கு அப்படித்தான் இருக்கும்."

உள்ளே மணியடித்தது. அவள் போய்விட்டாள். அடுத்த வருஷம் யுத்தத்துக்கு நர்ஸ்களைச் சேர்த்தபோது பெயர் கொடுத்து வடக்கே போனாள். போகும் வழியில் அண்ணனைப் பார்க்க மூணாறு போனாளென்றும், ராஜையன் தோட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு சாயங்காலம்வரை வரவில்லையென்றும் ஊரில் சொன்னார்கள்.

சுவாமிதாஸ் பரீட்சையில் தோற்றான். ஊருக்குப் போனால் அம்மா எலிசாளை மண்வாரித் தூற்றினாள், எத்தனை நல்ல பையனை வேண்டாமென்றாள் பார் என்று. அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் திருவனந்தபுரத்துக்கே திரும்பி, வேலையில்லாமல் அலைந்தான். அப்போதுதான் கல்யாணராமன் மதராஸிலிருந்து எழுதினான். படம் பார்த்த மானேஜரின் ஸ்டூடியோவில் அவனை டைரக்டரின் வலதுகையாக வைத்திருந்தார்கள். எனக்குச் சொன்னபடி கேட்கிற ஆள் வேண்டும், உடனே புறப்பட்டு வா என்று எழுதியிருந்தான்.

சுவாமிதாஸ் போனான்.

மூன்றாவது மாதம், கோடம்பாக்கத்தில் ஒரு படப்பிடிப்புக் கொட்டகையில், ஒரு படத்தின் முதல் காட்சியை எடுக்க எல்லோரும் காத்திருந்தார்கள். நாடகக் கம்பெனியிலிருந்து வந்த ஒரு நடுவயது அம்மாள், மகன் வீடு திரும்பாத தாயாக நடிக்க வேண்டும். காலையிலிருந்து அழ முயன்றாள். கண்ணில் எதையோ தடவினார்கள், தண்ணீர் வந்தது, அழுகை வரவில்லை. கல்யாணராமன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுவாமிதாசைத் தனியாக அழைத்துத் தோளில் கையைப் போட்டான்.

"மேக்கப் பண்ற பொம்மனாட்டிகிட்ட நைசா விசாரி. இந்தம்மாவுக்குக் குழந்தைகள் உண்டோ? இப்போ எங்கே இருக்கா? யார் கூட இருக்கா?"

சுவாமிதாஸ் ஒரு நொடி நின்றான். விளக்குகளின் சூட்டில் அந்த அம்மாளின் நெற்றிப்பொட்டு கரைந்து மூக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்து, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறவள் போலச் சிரித்தாள்.

அவன் போய் விசாரித்தான். ஒரே மகன். பத்து வயது. மாம்பலத்தில் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். தெருமுனையில் ஒரு பெரிய குளம் இருக்கிறதாம், பையன் அங்கேதான் விளையாடுவானாம்.

திரும்பிவந்து, ஒன்றையும் விடாமல் சொன்னான்.